விலங்கு ஆய்வுகளில் எலும்பிழப்பை அளவிடும் முறைகள்: ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

எலும்புப்புரை நோய்க்கான மருந்துகள் மனிதர்களுக்கு வழங்கப்படுவதற்கு முன் விலங்குகளில் ஆராயப்படுகின்றன. அவ்வாய்வுகளில் எலும்பிழப்பைக் கணக்கிடச் சாம்பல் எடை, எக்ஸ் கதிர் அடர்த்தி அளவீடு, நுண் சி.டி. ஸ்கேன், திசு அளவியல், உயிர்வேதிக் குறிப்பான்கள், இயந்திரவியல் சோதனை ஆகிய முறைகள் பயன்படுகின்றன. இவை ஒன்றுக்கொன்று மாற்றாக அமைவன அல்ல. ஒவ்வொரு முறையும் எலும்பைப் பற்றிய வெவ்வேறு வினாவிற்கு விடை தருகிறது. இம்முறைகள் எவற்றை அளக்கின்றன, எவற்றை அளப்பதில்லை என்பதை அண்டகம் நீக்கப்பட்ட எலியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஆய்வின் முடிவுரை அதன் அளவீட்டு முறை தாங்கக்கூடிய எல்லையைக் கடக்கலாகாது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: எலும்புப்புரை, எலும்பிழப்பு, அண்டக நீக்கம், எலும்பு அடர்த்தி, நுண் சி.டி., திசு அளவியல், எலும்பு வலிமை

முன்னுரை

எலும்பின் நிறை குறைந்து, அதன் உள்ளமைப்பும் சிதைந்து, சிறு விழுகையிலேயே எலும்பு முறியும் நிலையை எலும்புப்புரை என்கிறோம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவதால் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. நோயாளியைப் பொறுத்தவரை எலும்பு முறிவே இந்நோயின் விளைவு. ஆய்வாளரோ பெரும்பாலும் முறிவை அளப்பதில்லை. எலும்பின் அடர்த்தியையோ வேறொரு பண்பையோ அளந்து, அதிலிருந்து முறிவைப் பற்றி ஊகிக்கிறார். இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை ஒரு மருந்தின் வரலாறு காட்டுகிறது.

1990-இல் ரிக்ஸ் குழுவினர் அமெரிக்காவில் எலும்புப்புரை உடைய 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடும், மற்றப் பிரிவினருக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. இரு பிரிவினரும் கால்சியம் பெற்றனர். ஃபுளோரைடு பெற்றவர்களின் இடுப்பு முள்ளெலும்பு அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்தது. ஆயினும் முள்ளெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பிற எலும்புகளின் முறிவுகளோ மிகுந்தன. அடர்த்தி என்னும் அளவீட்டை மட்டும் பார்த்திருந்தால் இது பெரும் வெற்றி. முறிவைப் பார்த்தால் தோல்வி.

1994-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டு வரைவு, எலும்புப்புரை மருந்துகளை அண்டகம் நீக்கப்பட்ட எலியிலும் மற்றொரு பெரிய விலங்கிலும் ஆராய்ந்து எலும்பின் தரத்தைச் சோதிக்கப் பரிந்துரைத்தது. மனிதரிடம் எலும்பை எடுத்து முறித்துப் பார்க்க இயலாது; விலங்கில் இயலும். விலங்கு ஆய்வின் தனிப்பயனும் பொறுப்பும் இதில்தான் உள்ளன.

1. எலும்பிழப்பு என்னும் சொல்லின் பொருள்

எலும்பு உயிருள்ள திசு. ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் செல்கள் அவ்விடத்தில் புது எலும்பைப் படியச் செய்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இவ்விரு செயல்களுமே விரைவடைகின்றன. கரைவின் வேகம் ஆக்கத்தின் வேகத்தை விஞ்சுவதால் நிகர இழப்பு ஏற்படுகிறது.

எனவே எலும்பிழப்பைப் பற்றி நான்கு வினாக்களை எழுப்பலாம். எவ்வளவு எலும்பு எஞ்சியுள்ளது? அது எவ்வாறு அமைந்துள்ளது? இழப்பு எவ்வேகத்தில், எச்செயலால் நிகழ்கிறது? எஞ்சிய எலும்பு எவ்வளவு சுமையைத் தாங்கும்? கீழே விளக்கப்படும் ஒவ்வொரு முறையும் இவற்றுள் ஒன்றிரண்டிற்கே விடை தருகிறது.

2. அளப்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவை

கருவியைத் தேர்வதற்கு முன் விலங்கின் வயது, ஒப்பீட்டுக் குழு, எலும்பின் இடம், கால அளவு ஆகிய நான்கையும் தீர்மானிக்க வேண்டும்.

எலியின் எலும்பு பால்முதிர்ச்சிக்குப் பின்னும் நெடுங்காலம் வளர்கிறது. மூன்று மாத எலியில் அண்டகத்தை நீக்கினால் வளர்ச்சியும் இழப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஆய்வின் தொடக்கத்தில் எலும்பின் கனிம அளவு 100 அலகு என்க. ஆய்வின் இறுதியில் போலி அறுவைக் குழுவில் 120 அலகும், அண்டகம் நீக்கிய குழுவில் 105 அலகும் உள்ளன. இறுதி அளவுகளை மட்டும் ஒப்பிட்டால் 15 அலகு "இழப்பு" தோன்றும். உண்மையில் எந்த எலியும் எலும்பை இழக்கவில்லை. ஒரு குழு குறைவாகச் சேர்த்தது, அவ்வளவே. தொடக்க நாளிலேயே அளக்கப்படும் அடிநிலைக் குழு இருந்தால் மட்டுமே இவ்வேறுபாடு புலப்படும். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன எலிகளைப் பயன்படுத்துவது இச்சிக்கலைப் பெரிதும் குறைக்கும்.

சுண்டெலியில் சிக்கல் வேறு வகையானது. ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் சி57பிஎல்/6 இனத்தில் தொடை எலும்பின் பஞ்சுப்பகுதி இளம் வயதிலேயே உச்சத்தை எட்டி, அண்டகம் நீக்கப்படாமலேயே குறையத் தொடங்குகிறது. முதிர்ந்த சுண்டெலியின் அப்பகுதியில் இழப்பதற்கே எலும்பு மிகக் குறைவு.

இடமும் காலமும் இணைந்தே வருபவை. எலியின் அண்டகத்தை நீக்கிய பின் எல்லா எலும்புகளும் ஒரே நேரத்தில் குறைவதில்லை. ஜீ, யாவ் ஆகியோர் 2001-இல் தொகுத்த மதிப்பாய்வின்படி, டிபியா எனப்படும் கீழ்க்கால் உள்ளெலும்பின் மேல்முனையில் பஞ்செலும்பு இழப்பு 14 நாட்களில் தெளிவாகிறது. தொடை எலும்புக் கழுத்தில் 30 நாட்களும் இடுப்பு முள்ளெலும்பில் 60 நாட்களும் ஆகின்றன. அதே டிபியாவின் கீழ்முனையோ இழப்புக்கு எளிதில் உட்படுவதில்லை. நான்கு வாரங்களில் முடியும் ஆய்வொன்று முள்ளெலும்பை மட்டும் அளந்து "இழப்பில்லை" எனக் கூறினால், அது மருந்தின் பயனைக் காட்டுகிறதா, காலத்தின் போதாமையைக் காட்டுகிறதா என்பதைப் பிரித்தறிய இயலாது.

அறுவை சரியாக நிகழ்ந்ததா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது கருப்பை சுருங்கும். ஆதலின் ஆய்வின் முடிவில் கருப்பையின் எடையைக் குறிப்பது எளிய, நம்பத்தகுந்த சான்று. அண்டகம் நீக்கப்பட்ட எலிகள் மிகுதியாக உண்டு உடல் எடை கூடுவதும் கருத்தில் கொள்ளத்தக்கது. கூடுதல் எடை எலும்பின் மீதான சுமையை உயர்த்தி இழப்பை ஓரளவு மறைக்கக்கூடும்.

3. சாம்பல் எடை

பழமையான முறை இது. எலும்பைத் தூய்மைசெய்து, கொழுப்பை நீக்கி, உலர்த்தி எடையிட்டு, மஃபிள் உலையில் ஏறத்தாழ 600 பாகை செல்சியசில் எரித்தால் கரிமப் பொருள் நீங்கிக் கனிமம் மட்டும் சாம்பலாக எஞ்சும். நீரில் மூழ்கவைத்து ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தின்படி கன அளவையும் அறியலாம். செலவு குறைவு, முடிவும் நேரடியானது.

இங்கு இரு எண்களைப் பிரித்துணர வேண்டும். மொத்தச் சாம்பல் எடை, எலும்பில் எவ்வளவு கனிமம் உள்ளது என்பதைக் கூறும். உலர் எடையில் சாம்பலின் விழுக்காடு, எஞ்சிய எலும்பு எவ்வளவு கனிமமேறியுள்ளது என்பதைக் கூறும். எலும்புப்புரையில் எலும்பு குறைகிறதே அன்றி, எஞ்சிய எலும்பின் கனிமச் செறிவு பெரிதும் மாறுவதில்லை. வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு மென்மை நோயில்தான் சாம்பல் விழுக்காடு வீழ்கிறது. சாம்பல் விழுக்காடு மாறவில்லை என்பதால் எலும்பிழப்பு இல்லை எனக் கொள்வது பொருந்தாது.

முழு எலும்பும் எரிக்கப்படுவதால் எவ்விடத்தில் இழப்பு நிகழ்ந்தது என்பதை இம்முறை கூறாது, மாதிரியும் மீள்வதில்லை.

4. இரட்டை ஆற்றல் எக்ஸ் கதிர் அளவீடு

டெக்ஸா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இம்முறை, இரு வேறு ஆற்றல்களையுடைய எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எலும்பையும் மென்திசுவையும் பிரித்துக் கனிம அளவைக் கணக்கிடுகிறது. மருத்துவமனைகளில் எலும்பு அடர்த்தி பார்க்கப் பயன்படுவதும் இதுவே. உயிருள்ள விலங்கில் பல முறை அளக்க முடிவது இதன் சிறப்பு.

எனினும் இது தருவது கன அளவுக்கான அடர்த்தி அன்று; நிழலின் பரப்பளவுக்கான அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் கனிமம் உடைய இரு கனசதுரங்களைக் கருதுக. 1 சென்டிமீட்டர் பக்கமுடையதன் கனிமம் 1 கிராம், நிழல் 1 சதுர சென்டிமீட்டர், அளவீடு 1. 2 சென்டிமீட்டர் பக்கமுடையதன் கனிமம் 8 கிராம், நிழல் 4 சதுர சென்டிமீட்டர், அளவீடு 2. பொருள் ஒன்றே, அளவீடோ இரு மடங்கு. வளரும் விலங்கில் எலும்பு பருப்பதே அடர்த்தி உயர்வாகத் தோன்றுவது இதனால்தான்.

மற்றொரு வரம்பும் உண்டு. டெக்ஸா பஞ்செலும்பையும் புறணி எலும்பையும் பிரித்துக் காட்டாது. அளக்கப்படும் கனிமத்தில் பஞ்செலும்பின் பங்கு பத்தில் ஒன்று எனில், அதில் பாதி அழிந்தாலும் மொத்த அளவீடு 5 விழுக்காடே குறையும். முழுத் தொடை எலும்பை அளப்பதினும் அதன் கீழ்முனையைத் தனியே அளப்பது பயனுடையது.

5. நுண் சி.டி. ஸ்கேன்

1989-இல் ஃபெல்ட்காம்ப் குழுவினர் எலும்பின் நுண்ணமைப்பை முப்பரிமாணத்தில் காட்டிய பின், நுண் சி.டி. இத்துறையின் முதன்மைக் கருவியாயிற்று. இதில் எலும்பு சில மைக்ரோமீட்டர் அளவுடைய நுண்கனங்களாகப் பிரித்துப் படமாக்கப்படுகிறது. பஞ்செலும்பு என்பது நுண்சட்டங்களால் பின்னப்பட்ட வலை. திசுக் கன அளவில் எலும்பின் பங்கு, நுண்சட்டங்களின் எண்ணிக்கை, அவற்றின் தடிமன், அவற்றிற்கு இடையேயான இடைவெளி, இணைப்புச் செறிவு, புறணியின் தடிமன் ஆகியவற்றை இம்முறை தருகிறது.

இவ்வளவு அளவுருக்கள் ஏன் தேவை? பஞ்செலும்பின் பங்கு பாதியாகக் குறைய இரு வழிகள் உள்ளன. எல்லா நுண்சட்டங்களும் மெலியலாம். அல்லது சில சட்டங்கள் முற்றிலும் அற்றுப்போகலாம். மொத்த எலும்பு இரண்டிலும் ஒன்றே. ஆயினும் சட்டங்கள் அறுந்த வலை கூடுதலாக வலிமையை இழக்கிறது. மேலும், ஆஸ்டியோபிளாஸ்டுகள் இருக்கும் எலும்பின் பரப்பில்தான் புது எலும்பைப் படியவைக்கின்றன. மெலிந்த சட்டம் தடிக்கக்கூடும். அற்றுப்போன சட்டம் எளிதில் மீள்வதில்லை. இழப்பு தொடங்கும் முன் தரப்படும் மருந்துக்கும், இழந்த பின் தரப்படும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது.

அளவீட்டின் நம்பகத்தன்மை மூன்றைச் சார்ந்தது. முதலாவது நுண்கன அளவு. சட்டத்தின் தடிமனுக்குள் குறைந்தது இரண்டு நுண்கனங்களேனும் அடங்க வேண்டும். மெல்லிய சட்டத்தைப் பெரிய நுண்கனத்தால் அளந்தால், சட்டம் உள்ளதினும் தடித்ததாகத் தோன்றும் அல்லது மறைந்துவிடும். இரண்டாவது பகுதித் தேர்வு. வளர்தட்டை ஒட்டி அண்மையில் உருவான இளஞ்சட்டங்களைத் தவிர்த்து, சற்றுத் தொலைவிலிருந்து அளக்கத் தொடங்க வேண்டும். அத்தொலைவு எல்லா விலங்குகளுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மூன்றாவது எலும்பையும் மஜ்ஜையையும் பிரிக்கும் வரம்பெண். இதனைக் குழுவுக்குக் குழு மாற்றினால் ஒப்பீடு பொருளற்றதாகும். 2010-இல் பூக்ஸீன் குழுவினர் வெளியிட்ட வழிகாட்டுநெறிகள் இவை அனைத்தையும் கட்டுரையில் தெரிவிக்க வலியுறுத்துகின்றன. உயிருள்ள விலங்கில் மீண்டும் மீண்டும் படமெடுக்கும்போது கதிர்வீச்சே எலும்பைப் பாதிக்கக்கூடும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

6. திசு அளவியல்

மேற்கண்ட முறைகள் எலும்பின் நிலையைக் காட்டுகின்றன. அந்நிலை எச்செயலால் உருவாயிற்று என்பதைத் திசு அளவியலே காட்டுகிறது. எலும்பின் கனிமத்தை நீக்காமல் மெத்தில் மெதாக்ரைலேட்டில் பதித்து, மென்சீவல்களாக வெட்டி, நிறமேற்றி நுண்ணோக்கியில் அளப்பது இம்முறை. கரைப்புச் செல்கள் சூழ்ந்த பரப்பு, கனிமமேறாத எலும்பின் தடிமன் ஆகியவை இவ்வாறு பெறப்படுகின்றன.

இம்முறையின் தனிச்சிறப்பு இரட்டைக் குறியிடல். டெட்ராசைக்ளின், கால்சீன் போன்ற ஒளிரும் பொருள்கள் அந்நேரத்தில் கனிமமேறும் எலும்பில் பதிகின்றன. குறிப்பிட்ட நாள் இடைவெளியில் இருமுறை செலுத்தினால் இரு ஒளிக்கோடுகள் தோன்றும். 7 நாள் இடைவெளியில் இட்ட கோடுகளுக்கு இடையே 10.5 மைக்ரோமீட்டர் இருந்தால், கனிமப் படிவு வேகம் நாளொன்றுக்கு 1.5 மைக்ரோமீட்டர். இதனைக் குறியேறிய பரப்பின் பங்கால் பெருக்கினால் எலும்பாக்க வேகம் கிடைக்கும்.

எலும்புத் திசு அளவியலுக்கான பொதுச் சொற்களும் அலகுகளும் 1987-இல் பார்ஃபிட் தலைமையிலான குழுவால் வகுக்கப்பட்டு, 2013-இல் புதுப்பிக்கப்பட்டன. ஒரு சீவல் எலும்பின் மிகச் சிறு பகுதியே என்பதும், அளப்பவரின் கண் முடிவைப் பாதிக்கக்கூடும் என்பதும் இம்முறையின் வரம்புகள். எந்தச் சீவல் எக்குழுவைச் சேர்ந்தது என்பதை அளப்பவர் அறியாதிருத்தல் இன்றியமையாதது.

7. உயிர்வேதிக் குறிப்பான்கள்

எலும்பு கரையும்போது கொலாஜன் துண்டுகளான சி.டி.எக்ஸ். போன்றவை குருதியில் கலக்கின்றன. எலும்பு உருவாகும்போது ஆஸ்டியோகால்சின், பி1என்பி ஆகியவை வெளிப்படுகின்றன. விலங்கை உயிருடன் வைத்தே பல முறை அளக்கலாம். மாற்றமும் விரைவில் தெரியும்.

இவை உடல் முழுவதன் சராசரி. எவ்வெலும்பில் மாற்றம் நிகழ்ந்தது என்பதைக் கூறமாட்டா. நாளின் நேரத்தாலும் உணவாலும் மாறுபடுவதால், குருதி எடுக்கும் நேரம் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாதல் வேண்டும். ஆக்கக் குறிப்பான் உயர்வதை நன்மை எனக் கொள்வதும் பிழை. அண்டக நீக்கத்திற்குப் பின் கரைவும் ஆக்கமும் சேர்ந்தே உயர்வதால், இழப்பின் காலத்திலேயே ஆஸ்டியோகால்சின் உயர்ந்து காணப்படும். மொத்த ஆல்கலைன் பாஸ்படேஸ் இன்னும் தெளிவற்றது. கல்லீரலும் குடலும் அதனை வெளியிடுகின்றன.

8. இயந்திரவியல் சோதனை

எலும்பு எவ்வளவு சுமையில் முறியும் என்பதை நேரடியாக அளப்பது இம்முறை ஒன்றே. தொடை எலும்பின் நடுத்தண்டை இரு தாங்கிகளின் மேல் வைத்து நடுவில் அழுத்தும் முப்புள்ளி வளைவுச் சோதனை, முள்ளெலும்பு அமுக்கச் சோதனை, தொடை எலும்புக் கழுத்துச் சோதனை ஆகியவை வழக்கிலுள்ளன. சுமை–விலகல் வரைகோட்டிலிருந்து உச்சச் சுமை, விறைப்பு, முறிவு வரை உட்கொள்ளப்பட்ட ஆற்றல் ஆகியவை கணக்கிடப்படுகின்றன. இவை முழு எலும்பின் பண்புகள். எலும்பின் குறுக்குவெட்டு வடிவத்தைக் கணக்கில் கொண்டால்தான் எலும்புப் பொருளின் வலிமையை மதிப்பிட முடியும்.

இங்கும் இடத்தேர்வே முடிவைத் தீர்மானிக்கிறது. தொடை எலும்பின் நடுத்தண்டு புறணி எலும்பால் ஆனது. அண்டகம் நீக்கப்பட்ட எலியில் அதன் வெளிப்பரப்பில் எலும்பு கூடுதலாகப் படிவதால், மஜ்ஜைக் குழி விரிந்தாலும் வளைவு வலிமை குறையாதிருக்கலாம். பஞ்செலும்பு இழப்பின் விளைவை அறிய விரும்புவோர் முள்ளெலும்பையோ தொடை எலும்புக் கழுத்தையோ சோதிக்க வேண்டும்.

பாதுகாப்பு முறையும் முக்கியம். உலர்ந்த எலும்பு விறைத்து நொறுங்கும் தன்மை பெறும். ஃபார்மலின் எலும்பின் இயந்திரவியல் பண்புகளை மாற்றும். எனவே உப்புக் கரைசலில் நனைத்த துணியில் சுற்றி, −20 பாகை செல்சியசில் உறையவைத்து, சோதனையின்போதும் ஈரம் காத்தல் வேண்டும்.

9. முறைகளை இணைத்தல்

ஒரு விலங்கிலிருந்து கிடைக்கும் எலும்புகள் சிலவே. ஆய்வு தொடங்கும் முன்பே அவற்றைப் பங்கிட்டுவிட வேண்டும். சிதைக்காத முறை முதலிலும் சிதைக்கும் முறை இறுதியிலும் அமைதல் நன்று. சான்றாக, ஒரு தொடை எலும்பை நுண் சி.டி.யில் படமெடுத்து, பின் முறித்து, இறுதியாக எரித்துச் சாம்பலை எடையிடலாம். ஒரு டிபியாவை எத்தனாலில் இட்டுத் திசு அளவியலுக்கு ஒதுக்கலாம். முள்ளெலும்பைப் படமெடுத்தபின் அமுக்கிப் பார்க்கலாம். 1959-இல் ரசலும் பர்ச்சும் முன்வைத்த மாற்றீடு, குறைப்பு, செம்மையாக்கம் என்னும் மூன்று நெறிகளுள் குறைப்பு என்பது, ஒவ்வோர் உயிரிலிருந்தும் பெறத்தக்க அறிவை முழுமையாகப் பெறுவதையும் உள்ளடக்கும். புள்ளியியல் கணக்கில் ஓர் அலகு என்பது ஒரு விலங்கு. ஒரே எலியின் பத்துச் சீவல்கள் பத்து எலிகள் ஆகா.

இவ்வளவுகோல்கள் தமிழ்ச் சூழலுக்கும் நெருக்கமானவை. நம் உணவில் துவையலாகவும், மரபு மருத்துவத்தில் எலும்பு முறிவுக்கும் பயன்படும் பிரண்டையின் சாறு, அண்டகம் நீக்கப்பட்ட எலிகளில் ஆராயப்பட்டுள்ளது. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவற்றுள் ஒன்று. இத்தகைய மூலிகை ஆய்வுகளைப் படிப்போர் எழுப்ப வேண்டிய வினாக்கள் சில. சாறு அறுவை முடிந்த உடனே தரப்பட்டதா, இழப்பு நிலைபெற்ற பின் தரப்பட்டதா? முன்னது தடுப்பைக் காட்டும். பின்னதே மீட்பைக் காட்டும். அடிநிலைக் குழு இருந்ததா? கருப்பையின் எடை உயர்ந்ததா? உயர்ந்திருப்பின் சாறு ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்பட்டிருக்கலாம். அது வேறு வகையான பாதுகாப்பு வினாக்களை எழுப்பும். பஞ்செலும்பு அளக்கப்பட்டதா? வலிமை எவ்வெலும்பில் சோதிக்கப்பட்டது? இவ்வினாக்கள் மரபு மருத்துவத்தை ஐயுறுவதற்கானவை அல்ல; ஆய்வகத்தில் உருவாக்கிய மருந்துக்கும் இவையே பொருந்தும்.

முடிவுரை

சாம்பல் எடையும் டெக்ஸாவும் எவ்வளவு எலும்பு உள்ளது என்பதைக் கூறுகின்றன. நுண் சி.டி. அது எவ்வாறு அமைந்துள்ளது என்பதையும், திசு அளவியலும் குறிப்பான்களும் எச்செயலால் மாறுகிறது என்பதையும், இயந்திரவியல் சோதனை எவ்வளவு தாங்கும் என்பதையும் கூறுகின்றன. வசதி குறைந்த ஆய்வகம் எல்லா முறைகளையும் கையாள இயலாதிருக்கலாம், அது குறையன்று. டெக்ஸாவை மட்டும் கொண்ட ஆய்வு "பரப்படர்த்தி குறைவது தடுக்கப்பட்டது" என எழுதினால் அது உண்மையான முடிவு; "எலும்பு வலுப்பெற்றது" என எழுதினால் அளக்காத ஒன்றைக் கூறியதாகும். ஃபுளோரைடு பெற்ற பெண்களின் எலும்பு அடர்த்தி உயர்ந்தும் முறிவுகள் குறையாமற்போனது, இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையேயுள்ள தொலைவை உணர்த்துகிறது. அத்தொலைவை மனிதருக்கு மருந்து தரும் முன்னரே அளந்தறிவதே விலங்கு ஆய்வின் கடமையாகும்.